கை கூப்பினால் கண் மூடும் பிள்ளைகள்

போன வாரம் உதியன்குளங்கரை சந்திப்பில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு பைக் நின்றது. பின்னால் இருந்த பெண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். முழு ஒப்பனை. வால் நீட்டிய கண்மை, நெற்றிச்சுட்டி, இடுப்பில் ஒட்டியாணம், தலை நிறையப் பிச்சிப்பூ. அத்தனை பூவுக்கு மேல் ஹெல்மெட் ஏறவில்லை என்பதால் அதை மடியில் வைத்திருந்தாள். சவுரி முடி சக்கரத்தில் சிக்கிவிடாமல் இருக்க, அதன் நுனியைத் தோள்வழியாக எடுத்து அப்பாவின் சட்டைக் காலருக்குள் செருகியிருந்தார்கள். அவரும் கழுத்தை அசைக்காமல் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். சந்திப்பில் அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. லாட்டரி விற்கிறவர் மட்டும் அவளிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

பைக் கிளம்பியதும் பான்கேக் அரிதாரத்தின் வாசனை என் மூக்கில் வந்து அடித்தது. நீங்கள் மேடை ஏறியவராக இருந்தால் உங்களுக்குத் தெரியும், பவுடரும் வியர்வையும் பூவும் சேர்ந்த ஒரு மணம். எனக்கு அந்த மணம் வந்தால் உடனே பின்னாலேயே வெந்த சிறுபயறு மணமும் வந்துவிடும். நாட்டியத்துக்கும் பயறுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. நான் முதன்முதலில் நாட்டியம் சொல்லிக்கொடுத்த இடம் ஒரு பள்ளிக்கூடத்தின் கஞ்சிப்புரை. மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் பயறும் காய்ச்சுகிற ஓட்டுக்கொட்டகை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாட்டியத்தில் டிப்ளோமா வாங்கி வந்திருந்தேன். வகுப்பில் முதலாவதாகத் தேறியவள் என்பதால் தரையில் கால் பாவாமல் திரிந்த காலம். எங்கள் வீடு நெய்யாற்றின்கரைக்குப் பக்கம். சைவக் குடும்பம். அப்பா வரை மூன்று தலைமுறை சர்க்கார் கச்சேரியில் பேனா பிடித்தவர்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது என்று சொன்னபோது அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "பென்ஷன் உண்டா?" இல்லை என்றதும் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடம் பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவில், ஒரு பழைய மிஷன் கோயிலை, அதாவது தேவாலயத்தை, ஒட்டியது. ஒரு பக்கம் தமிழ் டிவிஷன், மறுபக்கம் மலையாள டிவிஷன். பிள்ளைகள் பாடத்தைத் தமிழிலும் சண்டையை மலையாளத்திலும் நடத்துவார்கள். அங்கே வாரத்தில் ஒரு பீரியடு, வெள்ளிக்கிழமை கடைசி மணி, எனக்கு. திடீரென்று அவர்களுக்கு நாட்டியத்தின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் கலோல்சவம் என்கிற பள்ளிக் கலைப்போட்டி. கேரளத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கலோல்சவம் என்றால் என்ன என்பதைக் களியிக்காவிளை எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டில் இருக்கிற என் உறவுக்காரர்களுக்கு இன்றுவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் வருஷாவருஷம் கோப்பை தூக்கிக்கொண்டு சாலையில் ஊர்வலம் போவதைப் பார்த்துப் பார்த்து, நம் பள்ளிக்கூடம் மட்டும் ஏன் போவதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

ஹெச்.எம். எஸ்தர் பாய் டீச்சர் குள்ளமாக இருப்பார். வெள்ளைப் பருத்திச் சேலை, வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. சிரிப்பு வந்தால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார். முதல் நாளே என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

"ஒரு வருஷம் பாப்போம் டீச்சரே. உபஜில்லா கலோல்சவத்தில குரூப் டான்ஸுக்கு ஏ கிரேடு வாங்கினா, அடுத்த வருஷமும் இந்தப் பீரியடு உண்டு. இல்லேங்கில் கணக்குக்குப் போவும். எட்வின் சாரு இப்பவே கேட்டாச்சு."

எட்வின் சார் கணக்கு வாத்தியார். அதோடு கோயிலில் பாட்டுக்குழுவை நடத்துகிறவரும் அவரே. கரும்பலகையில் கணக்குப் போடும்போதும் இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கணக்கு வைத்தால் இன்னும் நாலு பேர் தேறுவார்கள் என்பது அவர் கட்சி. தப்பும் சொல்ல முடியாது. நான் அவரை எதிரி என்று முடிவு செய்துகொண்டேன். இருபத்து மூன்று வயதில் யாராவது ஒருவர் எதிரியாக இருந்தால்தானே வேலை செய்ய உற்சாகம் வருகிறது.

குரூப் டான்ஸுக்கு ஏழு பேர். ஐந்து பேர் கோயில் குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டு பேர் சைவப் பிள்ளைகள். ஐந்து பேரில் பெனிலா என்று ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. அரைமண்டியில் உட்கார்ந்தால் அவள் தலையில் தண்ணீர்ச்செம்பு வைத்தாலும் சிந்தாது. தாளம் அவள் உடம்பிலேயே இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோதுதான் அவள் எட்வின் சாரின் மகள் என்று தெரிந்தது. எதிரியின் மகள்தான் என் துருப்புச்சீட்டு.

முதல் வகுப்பிலேயே ஒரு சிக்கல். ஆடுவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிடுவது எங்கள் முறை. அடுத்த வாரமே இரண்டு அம்மாக்கள் ஹெச்.எம். அறைக்கு வந்துவிட்டார்கள். தரையை எல்லாம் கும்பிட எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். எஸ்தர் பாய் டீச்சர் அவர்களை உட்காரச் சொல்லி, "ஒரு மணிக்கூர் அதுக்க மேல நிண்ணு சவுட்டி மிதிக்கப் போறாளுவ. முன்கூட்டியே ஒரு மன்னிப்பு கேக்காளுவ. இது மரியாதையாக்கும், இதுல மதம் எங்க இருக்கு?" என்றார். அவர்களும் சரி என்று போய்விட்டார்கள். நான் அதற்கு வடமொழியில் ஒரு நீண்ட விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பாட்டு கிடைப்பதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. எந்தச் சாமியும் வராத நாட்டியப் பாட்டு வேண்டும் என்பது பள்ளிக்கூட மேனேஜர் போட்ட நிபந்தனை. உப்பு போடாத ஊறுகாய் தேடுவது மாதிரி அலைந்தேன். கடைசியில் மழை பற்றிய ஒரு பாட்டு அகப்பட்டது. வறண்ட வயலில் பெண்கள் ஏழு பேர் நின்று மேகத்தைப் பார்த்துக் கை கூப்புகிறார்கள், அதுதான் தொடக்கம். எட்டு மாத்திரைத் தாளத்துக்கு அசையாமல் அப்படியே மேலே பார்த்து நிற்க வேண்டும். அதன்பிறகு மழை வருகிறது, ஆட்டம் ஆரம்பிக்கிறது. அழகான தொடக்கம் என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

ஒத்திகையில் "கை கூப்பு" என்றேன். ஏழு பேரும் கூப்பினார்கள். ஐந்து பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மேகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நடுவர் என்ன நினைப்பார்? "கண்ணைத் திற" என்றேன். திறந்தார்கள். மறுபடி "கை கூப்பு." மறுபடி மூடினார்கள். வெட்கம் என்று நினைத்தேன், பயம் என்று நினைத்தேன், என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். சைவப் பிள்ளைகள் இருவரில் ஒருத்தியான ஸ்ரீலேகாதான் என் காதருகே வந்து சொன்னாள்: "டீச்சரே, அவளுவ வேணும்னு செய்யல்ல. சின்னப் பிராயத்திலருந்தே அப்பிடியாக்கும். கை சேந்தா கண்ணு மூடிப்போவும்."

அது மட்டும் இல்லை. மூடிய கண் எட்டு மாத்திரை முடிந்தாலும் திறக்காது. ஸ்ரீலேகாவும் இன்னொருத்தியும் மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். மற்ற ஐந்து பேரும் வறண்ட வயலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். ஏன் என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் விளங்கியது. யாரும் "ஆமேன்" சொல்லவில்லை. ஆமேன் கேட்டால்தான் கண் திறக்கும்.

நான் செய்யாத வித்தை இல்லை. கை கூப்பும்போது கஞ்சிப்பானையைப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கைகளுக்கு நடுவில் இடைவெளி விடச் சொன்னேன். இது ஜெபம் இல்லை, மேகத்துக்கு வணக்கம் சொல்கிறோம் என்று பிரசங்கம் செய்தேன். பயறு வெந்து இறங்கியதே தவிர ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பொறுமை போய், எட்டாவது மாத்திரையில் தட்டுக்கழியால் மணையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி நானே "ஆமேன்!" என்றேன். ஐந்து பேரும் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி ஒரே நேரத்தில் கண் திறந்து, மிகச் சரியான இடத்தில் காலெடுத்து வைத்தார்கள். அவ்வளவு ஒழுங்காக அவர்கள் அதுவரை ஆடியதே இல்லை.

இந்தச் செய்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்தது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், எங்கள் ஊர்களுக்கு நடுவில் பேருந்து வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிடும். அம்மா சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, நீ அங்க டான்ஸ் படிப்பிக்கப் போனியா, இல்ல ஞானஸ்நானம் வாங்கப் போனியா?" அப்பா பேப்பருக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஆனால் பேப்பர் குலுங்கியது.

மேடையில் யாரும் ஆமேன் சொல்லப்போவதில்லை. அதனால் அந்த வழியையும் கைவிட்டேன். நாள் நெருங்க நெருங்க எனக்கு எரிச்சல் ஏறியது. ஏ கிரேடு போனால் பீரியடு போகும், பீரியடு போனால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எல்லோர் முன்னாலும் பெனிலாவை நடு இடத்திலிருந்து கையைப் பிடித்துப் பின்வரிசை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஸ்ரீலேகாவை நடுவுக்குக் கொண்டுவந்தேன். "கண்ணைத் திறக்கத் தெரிந்தவள் முன்னால் நிற்கட்டும்" என்று வேறு சொன்னேன். நாக்கு அந்த வயதில் கத்தி மாதிரி இருந்தது.

பெனிலா அழவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து கேட்டாள்.

"கலோல்சவத்துக்கு எத்தன நாளு உண்டு டீச்சரே?"

"பதினைந்து."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ ரெண்டு ஞாயிறு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இவள் எதற்கு ஞாயிற்றுக்கிழமையை எண்ணுகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த இரண்டில் முதல் ஞாயிறு கழிந்தது. ஒத்திகைக்காக நான் அப்போது தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் எட்வின் சார் நின்றுகொண்டிருந்தார், முகம் கடுகடுவென்று.

"எனக்க மவ நேத்து சபையில ஜெபம் நடக்கும்ப கண்ணத் தொறந்து வெச்சிட்டு நிண்ணா" என்றார் ஹெச்.எம்.மிடம். "கேட்டா, டான்ஸுக்கு வேண்டியாக்கும், பழகுகேன்னு சொல்லுகா. இது சரியாவாது டீச்சரே. அவளுக்க பேர இண்ணைக்கே வெட்டணும்."

எஸ்தர் பாய் டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஆரு கண்டது?"

"நான் கண்டேன்."

"நேரா கண்டீங்களா?"

"பின்ன? நேராட்டுத்தான் கண்டேன்."

"ஜெபத்துக்க எடையிலயா?"

"ஆமா."

டீச்சர் பேனாவை மூடினார். "அப்போ சாருக்க கண்ணு?"

உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதிரி மாட்டினான் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆனால் எட்வின் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ஹெச்.எம். முன்னால் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"நான் கண்ண மூட முடியாது டீச்சரே. போதகரு எப்போ முடிப்பாருன்னு ஆருக்குத் தெரியும்? 'கடைசியாக'ன்னு சொல்லிட்டு, அதுக்க பொறகும் கால் மணிக்கூர் போவாரு. முடிக்கப்போற நேரம் அவருக்க தோளு லேசா எறங்கும். அதக் கண்டு நான் கை காட்டினாத்தான் ஆர்கன் ஆமேனுக்கு ஒத்து வந்து விழும். பாட்டுக்குழு ஏத்தெடுத்து பதினெட்டு வருஷமாச்சு. ஒரு ஞாயிறுகூட நான் கண்ணு மூடி ஜெபிச்சதில்ல. வீட்டுல ஆருக்கும் தெரியாது."

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இடது கையை நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"நேத்து அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அத்தற பேருலயும் ரெண்டு பேருக்க கண்ணுதான் தொறந்திருந்தது. நான் அவளப் பாத்தேன், அவ என்னப் பாத்தா. போதகரு முடிக்கிறது வர அப்பிடியே நிண்ணோம்."

அவர் கோபப்பட்டது மகள் கண்ணைத் திறந்ததற்காக இல்லை, தான் பிடிபட்டதற்காக என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே தலைகுனிந்து கண்மூடி நிற்க, ஒரு மனிதர் மட்டும் பதினெட்டு வருஷம் விழித்துக்கொண்டு நின்றிருக்கிறார், தனக்கு மட்டும் ஜெபம் வாய்க்கவில்லையோ என்ற சங்கடத்தோடு.

ஹெச்.எம். மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பேரும் கண்ணத் தொறந்து வெச்சிட்டுத்தான் நிண்ணீங்க. அதுக்காட்டு ஜெபம் நடக்காமப் போச்சா சாரே?"

"இல்ல" என்றார் அவர். "நடந்தது."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சி தாங்காமல் உளறிவிட்டேன். "தப்பு எனக்குத்தான் சாரே. கண்ணு மூடுகான்னு அவள நடுவுலருந்து பின்னால மாத்திட்டேன். அதுக்க சங்கடத்துலதான் அவ..."

எட்வின் சார் எழுந்தே விட்டார். "நடுவுலருந்து மாத்தினீங்களா? ஆர, எனக்க மவளயா? இந்த ஸ்கூளில அவளுக்கு மேல தாளம் நிக்குத பிள்ள உண்டா? இருந்தா காட்டுங்க!"

"இல்ல சாரே."

"பின்ன என்னத்துக்கு மாத்தினீங்க? இண்ணைக்கே அவள நடுவுல நிறுத்தணும். பேர வெட்டுகத பத்தியெல்லாம் பொறகு பாப்போம்." மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு கணக்கு வகுப்புக்குப் போய்விட்டார். எஸ்தர் பாய் டீச்சர் உதட்டை மடித்து அடக்கிய சிரிப்பெல்லாம் அவர் போனதும் மொத்தமாக வெளியே வந்தது.

நடு இடத்தைத் திருப்பிக் கொடுக்க ஸ்ரீலேகா தயங்கவே இல்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பது பிடிக்கவில்லை, ஓரந்தான் இஷ்டம் என்றாள். நான் பெனிலாவிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பிறகு கேட்டேன், கண் மூடாமல் இருக்க எப்படிப் பழகினாய் என்று.

"ஒண்ணயும் பாக்காம கை கூப்பினா மூடிப்போவும் டீச்சரே. ஓட்டப் பாத்தாலும் மூடும், செவுரப் பாத்தாலும் மூடும். ஆரையாவது ஒரு ஆளப் பாக்கணும். அவியளும் நம்மளப் பாக்கணும். அப்போ மூடாது. சபையில எல்லாரும் மூடிட்டு நிண்ணாங்க. அப்பா மட்டுந்தான் இருந்தாங்க."

நாட்டியக் கல்லூரியில் மூன்று வருஷம் கண்களைப் பற்றிப் படித்திருந்தேன். பார்வையில் எத்தனை வகை என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். இந்த ஒரு விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அன்றைக்கே ஏழு பேரையும் கூப்பிட்டு, மேகத்தைப் பார்க்காதீர்கள், மேகத்தில் உங்களுக்குப் பிரியமான ஒருவர் இருந்து உங்களைப் பார்க்கிறார், அவரைப் பாருங்கள் என்றேன். முதல் தடவையில் கோயில் பிள்ளைகளில் இரண்டு பேர் திறந்தார்கள், அடுத்த வாரத்துக்குள் எல்லோரும். இன்றுவரை ஆசிரியர் பயிற்சி முகாம்களில் நான் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறேன். சொந்தச் சரக்கு மாதிரிதான் சொல்வேன், பெனிலா மன்னிக்கட்டும்.

எட்வின் சாரும் கடைசி ஒத்திகைக்கு வந்தார். கஞ்சிப்புரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மூணாவது அடியில ஒரு மாத்திர தள்ளிப் போவுது" என்றார். கேட்டுப் பார்த்தேன். தள்ளித்தான் போனது. திருத்தினேன். ஆனால் அடிகளைத் தனியாகச் சரிசெய்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து ஆடுவதற்குள் அவருக்கு வகுப்பு மணி அடித்துவிட்டது.

கலோல்சவம் அன்று எங்களுக்குச் சீட்டுக் குலுக்கலில் கடைசி இடம் வந்தது. காலையிலேயே ஒப்பனை போட்டுவிட்டோம். ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு, ஏழு பேரும் சாய்ந்தால் பூ நசுங்கும் என்று நேராக உட்கார்ந்து, ஸ்ட்ரா வைத்து நாரங்காவெள்ளம் என்கிற எலுமிச்சைச் சாறு குடித்தபடி சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். மேடைப் பக்கத்தில் கேசட் பெட்டியின் பொறுப்பு எனக்கு. ஹெச்.எம். முன்வரிசையில். எட்வின் சார் நடுவழியில், தூணோரம் நின்றிருந்தார். எங்கள் எண்ணை அழைத்தார்கள். திரை விலகியது. பொத்தானை அழுத்தினேன்.

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. மழை வந்தது, அவ்வளவுதான். முடிந்ததும் அந்தக் கூட்டம் கைதட்டியது. ஹெச்.எம். குடையைத் தரையில் ஊன்றி வேகமாக வந்து என் தோளைப் பிடித்து, "ஏழு பேருக்க கண்ணும் தொறந்துதான் இருந்தது டீச்சரே, ஏழும்!" என்றார். ஏ கிரேடு. ஆனால் இரண்டாம் இடம். பீரியடு பிழைத்தது. எனக்கு அதுவே போதும். எட்வின் சாருக்குப் போதவில்லை.

"அப்பீல் குடுக்கணும்" என்று நின்றார். எங்கள் ஊரில் இரண்டாம் இடம் வாங்கியவர் அப்பீல் கொடுக்காவிட்டால்தான் அதிசயம். படிவம்கூட வாங்கி வந்துவிட்டார். "எழுதுங்க டீச்சரே. முதல் வந்தவளுவளவிட நம்ம பிள்ளேளு எவ்வளவோ மேலாக்கும்."

"எதுல மேலன்னு எழுதணும் சாரே?" என்று கேட்டார் ஹெச்.எம்.

எட்வின் சார் படிவத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, ஒப்பனை கலைக்காத முகத்தோடு பெனிலா சொன்னாள்: "அப்பா ஒண்ணும் காணல்ல டீச்சரே. முழுக்கக் கண்ண மூடிட்டு நிண்ணாங்க. நான் மேடை மேலருந்து கண்டேன்."

அவர் மறுக்கவில்லை. "பாட்டு தொடங்கினப்ப மூடினது" என்றார். "எனக்க மவளுக்கு ஒண்ணும் தெற்றிப் போகப்பிடாதேன்னு. பொறகு தொறக்கவே பயமாப் போச்சு." படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாரும் அப்பீல் எழுதவில்லை. பெனிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், கையிலிருந்த சிவப்புச் சாயம் அவர் கையில் ஒட்டியது.

இன்றைக்கு அந்தக் கஞ்சிப்புரை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவரும் மரத்தளமும் போட்ட நாட்டிய அறை. வாரத்துக்கு ஒரு பீரியடு ஐந்தாகி, நான் போதாமல் இன்னும் இரண்டு டீச்சர்மார் வந்தார்கள். தரையைத் தொடலாமா, சாமிப் பாட்டு வரலாமா என்று யாரும் ஹெச்.எம். அறைக்கு வருவதில்லை. வருகிற அம்மாக்கள் எல்லாம் என் பிள்ளையை ஏன் நடுவில் நிறுத்தவில்லை என்று கேட்கத்தான் வருகிறார்கள். கேசட் பெட்டி போயிற்று, ஒவ்வொரு ஒத்திகையையும் பத்துப் பேர் போனில் பிடிக்கிறார்கள். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பாதி மாற்றத்துக்கு நானே காரணம் என்று மார்தட்டிக்கொள்ளவும் தயார்.

அந்த ஆட்டத்தை மட்டும் யாரும் பிடித்து வைக்கவில்லை. ஆண்டு விழாவில் மறுபடி ஆடவைத்து எட்வின் சாருக்குக் காட்டிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் ஸ்ரீலேகாவின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் பாலக்காட்டுக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்த ஏழு பேரும் ஒன்றாக நிற்கவே இல்லை. பெனிலா இப்போது வெளிநாட்டில் நர்ஸ்.

எட்வின் சார் ஓய்வு பெற்ற பிறகு, பாறசாலை ரயில் நிலையத்திலோ சந்தையிலோ என்னைக் கண்டால் நின்றுவிடுவார். "டீச்சரே, அந்தத் தொடக்கம் ஒருக்கா சொல்லுங்க" என்பார். நான் சொல்வேன். ஏழு பேரும் எப்படிக் கை கூப்பினார்கள், மகள் எப்படி மேலே பார்த்தாள், கண் எப்படி விரிந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே சொல்வேன். அவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்பார். கடைசியில் அதே கேள்வி: "ஒருத்தியும் மூடல்ல, இல்லியா?" ஒருத்தியும் மூடவில்லை சாரே என்பேன்.

போன வருஷம் அவர் போய்விட்டார். அதனால் இப்போது உங்களிடம் சொல்கிறேன். அந்தத் தொடக்கத்தை நானும் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்திய கையோடு, பயத்தில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முதல் அடி விழுந்து சலங்கைச் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். நான் அவரிடம் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் ஹெச்.எம். என்னிடம் சொன்ன அந்த ஒரு வரி, அதன்மேல் என் சொந்தக் கைவேலை. "சாரே, நானும் உங்கள மாதிரி கண்ண மூடிட்டுத்தான் நிண்ணேன்" என்று சந்தையில் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அத்தனை வருஷம் தனியாகக் கண் திறந்து நின்ற மனிதர்; கண்ணை மூடிய அந்த ஒரு நாளிலாவது தனக்கு ஒரு துணை இருந்தது என்று தெரிந்துகொண்டு போயிருப்பார்.